நைலான் புஷ்

வாங்கம்மிணி. கலாமணியப் பாக்க வந்தீங்களாக்கும். அவ வர இன்னும் முக்கா மணி நேரம் ஆகும். கீரணத்தத்துல பழைய ஷெட்டக் காலி பண்ணிட்டு இருக்கறா, கடைசி வண்டிய ஏத்தி விட்டுட்டுத்தான் வருவா. உக்காருங்க. காப்பி சொல்லட்டுங்களா? வேண்டாமா. சரி, படிச்ச புள்ளைங்க இப்பெல்லாம் சுடுதண்ணிதான் குடிக்கறாங்க.

கையில என்னுங்க, கேள்வித்தாளா? குடுங்க பாக்கலாம். ‘சிறு உற்பத்தி நிறுவனங்கள் மீது டிஜிட்டல் பொருளாதாரத்தின் தாக்கம்.’ நல்லாத்தான் இருக்குது. இதுக்கு டாக்டர் பட்டம் குடுப்பாங்களா? குடுக்கட்டும், குடுக்கட்டும். ‘முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொள்கிறேன். கருத்து இல்லை.’ கருத்து இல்லைன்னு ஒரு கட்டம் வேற. கருத்து இல்லாதவன் எதுக்குங்க கம்பெனி வெச்சிருக்கறான்?

பேனாவ எடுங்க. அவகிட்டக் கேட்டு என்னத்த எழுதப் போறீங்க, எட்டாவது படிச்சவ. நான் சொல்றேன், எழுதிக்குங்க.

இந்த எடம் என்றது. மொதல்ல அத எழுதுங்க. சென்னிமதி கிரைண்டர்ஸ். சென்னியப்பன், அது நானு. மதி, என்ற சம்சாரம் மதியம்மாள். கம்பெனியில முன்னாடிப் பாதிய நாந்தான் கலாமணிக்கு வாடகைக்கு விட்டிருக்கறேன். முன்னாடிப் பாதின்னா, இந்த ரூமும் பின்னாடி டிரம், அதான் மாவு அரையற ஸ்டீல் பாத்திரம், அடிக்கற பிரஸ்ஸும் தவிர மத்ததெல்லாம். எடம் சும்மாதான கெடக்குது, எலி குடியிருக்கறதுக்கு ஒரு பொம்பளை பொழச்சுட்டுப் போகட்டுமேன்னு குடுத்தேன்.

இருபத்தெட்டு வருசமா கிரைண்டர் போடறவனுங்க நானு. மேடை மேல வெக்கற ரெண்டு லிட்டர் கிரைண்டர். சேலம், திருச்சி, மதுரை, அந்தப் பக்கம் பாலக்காடு வரைக்கும் நாப்பத்தோரு கடைக்காரங்க என்ற சரக்க வித்தாங்க. ஒவ்வொருத்தன் ஊட்டுக் கல்யாணத்துக்கும் போயிருக்கறேன், சீர் வெச்சிருக்கறேன். அந்த இருபத்தெட்டு வருசத்துல என்ற கிரைண்டர் மேல ஒரு புகார் வந்ததில்லீங்க. ஒண்ணு கூட. ஏதாச்சும் கோளாறுன்னா வாங்கின அம்மா தூக்கிட்டுக் கடைக்குப் போவா. கடைக்காரன் “அரிசி சரியா ஊறலீங்க்கா, உளுந்து பழசு”ன்னு எதையாச்சும் சொல்லி, பெல்ட்ட ஒரு இழுப்பு இழுத்து விட்டு ஊட்டுக்குத் தாட்டி விட்ருவான். எங்கிட்ட வராது. எதுக்கு வரணும்? தொழில் பண்றவனுக்கு அப்ப ஒரு மரியாதை இருந்துச்சு.

கொரோனா முடிஞ்சதும் கடைங்க ஒவ்வொண்ணாச் சாத்த ஆரம்பிச்சாங்க. அப்பத்தான் என்ற பையன் நித்தின் ஒரு நாள் சாப்பிட்டுட்டு இருக்கறப்பச் சொல்றான், “அப்பா, ஆன்லைன்ல போடலாம்.” எஞ்சினியரிங் படிச்சவன். நாலு வருசம் படிக்க வெச்சது இந்த ஒரு வார்த்தைக்குத்தான் போல. நான் கேட்டேன், “கிரைண்டர் பதினாறு கிலோ இருக்குது, போனுக்குள்ள எப்படிடா போடுவே?” என்ற சம்சாரம் சிரிக்கல. அவ எப்பவுமே அவன் கட்சி.

சரி, போடுன்னேன். ஒரு ஆன்லைன் கம்பெனி. பேரு வேண்டாம். பெங்களூருல இருந்து ஒரு பொண்ணு பேசுவா. என்னம்மா உத்தியோகம்னு கேட்டா கேட்டகரி மேனேஜராம். கிரைண்டர், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, மூணுக்கும் அவதான் மகாராணி. சென்மத்துல மாவாட்டியிருக்க மாட்டா. அவ எனக்குச் சொல்றா, “சார், தீபாவளிக்கு உங்க விலையக் கொறைங்க, மொதல் பக்கத்துல வெக்கறேன்.” நான் வெலை வெக்கற சரக்குக்கு அவ வெலை வெக்கறா. அவளோட மேசையில ஒரு பொத்தான், அத அமுக்கினா நானு மொதல் பக்கம், இன்னொரு பொத்தான் அமுக்கினா நானு எழுபதாவது பக்கம். சாமி கூட இவ்வளவு சீக்கிரத்துல வரம் குடுக்காது.

கொறைச்சேன். மாசம் நூத்தம்பது போடறவன் நானு. அந்தத் தீபாவளிக்கு ஒம்பது நாள்ல ஆயிரத்து நூறு ஆர்டர். இந்த ரோட்டுல லாரி நிக்க எடமில்லீங்க. பக்கத்துக் கம்பெனி ஆறுச்சாமி, அவனும் கிரைண்டர் போடறவன்தான், என்ற கேட்டு வாசல்ல நின்னு எட்டி எட்டிப் பாத்துட்டுப் போனான். அவன் மூஞ்சியப் பாக்கறதுக்காகவே இன்னும் ஒரு ஆயிரம் போடலாம்னு இருந்துச்சு.

வெலையக் கொறைக்கணும்னா எங்கயாச்சும் கை வெக்கணுமில்லீங்க. புஷ்ல வெச்சேன். புஷ்ஷுன்னா தெரியுங்களா? குழவிக் கல்லுக்கு நடுவுல ஒரு ஓட்டை, அதுக்குள்ள ஒரு கம்பி. கல்லும் கம்பியும் ஒரசாம இருக்கறதுக்கு நடுவுல ஒரு வளையம், மோதிரமாட்ட. அதுதான் புஷ். பித்தளையில போட்டுட்டு இருந்தேன், நைலானுக்கு மாத்திட்டேன். கண்ணுக்கே படாத சாமான். வெளிய ஒருத்தனுக்கும் தெரியாது. கலாமணிக்கு மட்டும் தெரிஞ்சுது. மாட்டறவ அவதான.

அவளப் பத்தியும் சொல்லிர்றேன். பதிநாலு வருசம் எங்கிட்ட அசெம்பிளியில இருந்தா. சரவணம்பட்டிக்காரி. புருசன் லாரி டிரைவர், ஆந்திராப் பக்கம் லோடு கொண்டு போனவன் அங்கயே இன்னொரு குடும்பம் பண்ணிட்டான். ஒரு பொண்ணு இருக்குது. அதிகம் பேச மாட்டா, வேலை ஓடும். ஆனா ஒரு கெட்ட பழக்கம். கிரைண்டர ஓட விட்டு அது மேல உள்ளங்கைய வெச்சுப் பாப்பா, டாக்டர் நெஞ்சுல வெச்சுப் பாக்கற மாதிரி. பாத்துட்டு “இது போலாம், இது வேண்டாம்”னு ரெண்டு மூணத் தனியா எடுத்து வெப்பா. யாருங்க இவளக் கேட்டது? சரி, பொம்பளை, போகட்டும்னு விட்டேன். அவ தனியா வெச்சதயும் பின்னாடியே வண்டியில ஏத்தச் சொல்லிருவேன்.

நைலான் வந்த அன்னைக்கு அதுல ஒண்ணக் கையில எடுத்துட்டு இங்க வந்து நிக்கறா. “ஐயா, இது மூணு மாசம் தாங்காதுங்க. சூடு ஏறினா வளையம் பெருத்துரும். கல்லு தள்ளாடும், சத்தம் வரும்.”

“நீ என்ன எஞ்சினியரா?”

“இல்லீங்க.”

“அப்ப மாட்டு.”

மாட்டினா. ஆயிரத்து நூறுலயும் அவதான் மாட்டினா. அவ்வளவு அக்கறை இருக்கறவ மாட்டாம இருந்திருக்கணுமில்லீங்க? அதனால அவ பேச்ச நானும் பெருசா எடுத்துக்கல.

பொங்கல் கழிஞ்சுது. ஸ்டார் எறங்க ஆரம்பிச்சுது.

ஸ்டாரு. இதப் பெருசா எழுதிக்குங்க. இருபது குடும்பத்துக்குச் சோறு போட்டவன் நானு. எனக்கு மார்க் போடறது யாரு? தாம்பரத்துல ஒருத்தி. சோபாவுல உக்காந்துட்டு, கட்டை வெரல்ல, ஒரு ஸ்டாரு. ‘சத்தம் தாங்கல, ஹெலிகாப்டர் எறங்கற மாதிரி இருக்குது.’ ஹெலிகாப்டர் எறங்கறத இவ எந்த மைதானத்துல நின்னு பாத்தா? இன்னொருத்தன், ‘கல்லு ஆடுது, மாவுல வெள்ளை வெள்ளையாத் துகள் வருது.’ மாவே வெள்ளைதானய்யா, அதுல உனக்கு எப்படித் தெரிஞ்சுது? நித்தின் இதையெல்லாம் சோத்துத் தட்டுக்கு முன்னாடி உக்காந்து சத்தமா வாசிப்பான். நாலு புள்ளி நாலு இருந்தது மூணு புள்ளி ஒண்ணுக்கு வந்துச்சு, அப்பறம் ரெண்டு புள்ளி ஒம்பது. நாப்பத்தோரு கடைக்காரங்க இருபத்தெட்டு வருசமாச் சொல்லாதத இந்த சனங்க மூணு மாசத்துல சொல்றாங்கன்னா, எவ்வளவு பொறாமை இருக்கணும் பாருங்க.

சரக்கும் திரும்பி வந்துச்சு. பெட்டியத் தொறந்தா உள்ள மாவு காஞ்சு ஒட்டிக் கெடக்குது. மூணு மாசம் தோசை சுட்டுத் தின்னுட்டு, கழுவக் கூட இல்லாம அனுப்பறானுங்க. கடையில வாங்கியிருந்தா கடைக்காரன் மூஞ்சியப் பாத்துத் திருப்பிக் குடுக்கற தைரியம் இவனுகளுக்கு வருமா? மூஞ்சி தெரியாத தைரியந்தான் உங்க டிஜிட்டலு.

“அப்பா, பித்தளைக்கே திரும்பி மாத்திருவோம்”னான் நித்தின்.

“ஸ்டாரத்தானடா மாத்தணும்? ஸ்டார மாத்தறேன்”னேன்.

காந்திபுரத்துல ஒரு மாடியில ஒருத்தன் ஸ்டார் விக்கறான். ஆமாங்க, தக்காளி விக்கற மாதிரி. முந்நூறு வாங்கினேன். ரெண்டு நாளு அஞ்சஞ்சு ஸ்டாராக் கொட்டுச்சு. நித்தின் வாசிக்கறதயே நிறுத்திட்டான். அப்பறம் பாத்தா, அந்த மடையன் வேற எவனுக்கோ எழுதினத எனக்கு ஒட்டி விட்ருக்கறான். ‘காத்து நல்லா வருது.’ ‘சீலிங்குக்கு அழகா இருக்குது.’ ‘இப்பத்தான் கொழந்தை நிம்மதியாத் தூங்குது.’ கிரைண்டருக்குங்க. அந்தப் பெங்களூருப் பொண்ணு போன் பண்ணினா. அஞ்சு நிமிசம் இங்கிலீசு. எனக்குக் கடைசி வார்த்தை மட்டும் புரிஞ்சுது, சஸ்பெண்டட். பள்ளிக்கூடத்துல கூட என்னைய யாரும் சஸ்பெண்ட் பண்ணதில்லீங்க. பொய் ஸ்டாரு எல்லாரும்தான் வாங்கறான். நானு நல்ல எடத்துல வாங்கல, அவ்வளவுதான்.

இதுல கலாமணி எங்க வந்தான்னு கேக்கறீங்க. வர்றேன்.

சித்திரை நோம்பி முடிஞ்ச வாரம். இந்த போன்தான், அடிக்குது. தேனியில இருந்து ஒரு வாத்தியாரு. “கலாமணி மேடம் இருக்காங்களா?” மேடம். எனக்கு அரை நிமிசம் யாருன்னே வெளங்கல. “எதுக்குங்க?”ன்னேன். “அவங்க வீடியோவப் பாத்து எங்க வீட்டுக் கிரைண்டரச் சரி பண்ணிட்டேங்க. நன்றி சொல்லணும்”னான்.

நித்தினக் கூப்பிட்டு என்னடா வீடியோன்னேன். தலையக் குனிஞ்சுட்டுக் காட்டினான். சாப்பாட்டு நேரத்துல, என்ற பெஞ்சுல, என்ற கிரைண்டர வெச்சு எடுத்திருக்கறா. அவ பொண்ணோட ஃபிரெண்டு ஊட்டுல என்ற கிரைண்டர் இருந்திருக்குது, அவங்க கேட்டாங்கன்னு அவங்களுக்கு அனுப்ப எடுத்தாளாம். அவங்க நாலு பேருக்கு அனுப்ப, அது நாலு லட்சம் பேருக்குப் போயிருச்சு. குழவியக் கழட்டறா, அந்த நைலான எடுத்துக் கேமராவுக்கு நேராக் காட்டறா. “இந்த வெள்ளை வளையந்தாங்க சத்தத்துக்குக் காரணம். கிரைண்டர் மேல தப்பில்லீங்க. கல்லு நல்ல கல்லு, மோட்டார் நல்ல மோட்டார். எங்க ஐயா பாத்துப் பாத்துப் போட்டது. பக்கத்துல லேத் பட்டறையில சொல்லிப் பித்தளை வளையம் ஒண்ணு போட்டுக்குங்க, பத்து வருசம் ஓடும்.”

நாலு லட்சம் பேரு முன்னாடி என்ற புஷ்ஷ எடுத்துக் காட்டிட்டா. ஆறுச்சாமியும் பாத்திருப்பான்.

நானு கூப்பிடறதுக்கு முன்னாடியே அவளே வந்தா. கையில ஒரு காயிதக் கவர். “ஐயா, ஒரு யோசனைங்க. வாங்கினவங்க அட்ரஸ் ஆயிரத்து நூறும் நித்தின் தம்பிகிட்ட இருக்குது. ஆளுக்கு ஒரு பித்தளை புஷ் இந்தக் கவர்ல போட்டு நம்மளே அனுப்பி வெச்சிரலாங்க. எப்படி மாட்டறதுன்னு வீடியோவுலயே இருக்குது. போன பேரு திரும்பி வந்துருங்க.”

நானு ரூம விட்டு வெளிய வந்தேன். அசெம்பிளியில இருபது பேரும் கையில வேலைய வெச்சுட்டு நிக்கறாங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்னுதான் சொன்னேன். “என்ற பேரத் திருப்பிக் குடுக்கறதுக்கு நீ யாரு? புருசன் பேரையே காப்பாத்திக்க முடியாதவ. வெளிய போ.”

அந்தப் புருசன் பேச்சு கொஞ்சம் எச்சாப் போச்சுன்னு நித்தின் பின்னாடி சொன்னான். கோவத்துல வர்றதுதாங்க. நீங்க அத எழுத வேண்டாம்.

அவ என்ன பண்ணினா தெரியுங்களா? பெஞ்சுல ஒரு கிரைண்டர் பாதியில நின்னுச்சு. போயி அத முடிச்சா. பெல்ட்ட மாட்டினா, ஓட விட்டா, உள்ளங்கைய வெச்சுப் பாத்தா, துணியில தொடைச்சா. ஸ்பேனர்கள அதது ஆணியில மாட்டினா. டிபன் கேரியர எடுத்துட்டு “வர்றனுங்கய்யா”ன்னா. போயிட்டா. எவ்வளவு திமிரு இருந்தா அப்படிப் போவா? ஒரு சொட்டு அழுதிருந்தாலும் ரெண்டு நாள் கழிச்சு வரச் சொல்லியிருப்பேன். அன்னைக்கு மத்தியானம் அசெம்பிளியில ஒருத்தியும் வேலையில இருந்து தலையத் தூக்கல. வேலை நல்லா நடக்குதுன்னு எனக்கும் நிம்மதியா இருந்துச்சு.

ஏனுங்க எழுதறத நிறுத்திட்டீங்க? கேளுங்க.

அவ மேல வந்த கதையா. அது என்ன பெரிய கதை. கீரணத்தத்துல ஆடு கட்டியிருந்த ஒரு ஷெட்டு. லேத் ஓட்டற பெரியவர் ஒருத்தர். பித்தளை புஷ்ஷு போட்டா. மொதல்ல என்ற கிரைண்டருக்கு. அப்பறம் ஆறுச்சாமி கிரைண்டருக்கு, அப்பறம் ஊருல இருக்கற கிரைண்டருக்கெல்லாம். யாரு கிரைண்டர் கெட்டாலும் அவளுக்கு நல்ல நேரம். போன்லயே கேக்கறாங்க, போன்லயே பணம் போடறாங்க, கவர்ல போட்டு அனுப்பறா. கடைக்காரன் இல்ல, கமிசன் இல்ல. அந்தப் பெங்களூரு மகாராணி இவளக் கூப்பிட்டு “எங்ககிட்டப் போடுங்க மேடம், மொதல் பக்கத்துல வெக்கறேன்”னாளாம். “கடைசிப் பக்கமே போதுங்க, வெலைய நாந்தான் வெப்பேன்”னு சொன்னாளாம் இவ. பாத்தீங்களா கொழுப்ப. எனக்கு அப்படிச் சொல்லத் தோணலியேன்னு நெனைக்காதீங்க. எனக்கு மரியாதை தெரியும், அதனால சொல்லல.

ஒரு வருசத்துல சொந்தமா கிரைண்டரே போட ஆரம்பிச்சுட்டா. பதினோரு பொம்பளைங்க வேலை செய்யறாங்க. அதுல ஏழு பேரு என்ற அசெம்பிளியில இருந்து போனவங்க. ஒவ்வொரு போனையும் அவ எழுதி வெக்கறா. எந்த ஊரு, என்ன சத்தம், எத்தனாவது மாசம். ராமநாதபுரம் பக்கம் சாயங்காலமானா கரண்டு கம்மியா வருதாம், அங்க போற கிரைண்டருக்கு மோட்டார மாத்திப் போடறா. கை நடுக்கம் இருக்கற வயசானவங்களுக்குக் குழவியத் தூக்க முடியலியாம், அதுக்கு ஒரு கைப்பிடி. சனங்க ஒப்பாரியக் கேட்டுக் கேட்டு மெசின் செய்யறவ இந்த ஒலகத்துல அவ ஒருத்திதான். நானெல்லாம் ஒருத்தன் பேச்சக் கேட்டு ஒரு போல்ட் மாத்தியிருப்பனா?

நித்தினும் இப்ப அங்கதான். என்னைய விட்டுட்டுப் போயிட்டான்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. நாந்தான் அனுப்பி வெச்சேன். அதாவது, “போறதுன்னா போடா”ன்னேன். போயிட்டான். கம்ப்யூட்டர் பக்கமெல்லாம் அவந்தான் பாக்கறான். அவள அக்காங்கறான்.

ஊட்டுல நடந்ததையும் சொல்றேன், உங்க ஆராய்ச்சிக்கு ஆகும். ஒரு நாள் காலையில இட்லி. பஞ்சு மாதிரி. நாலு தின்னுட்டு அஞ்சாவது கேட்டேன். கை கழுவப் போறப்பத்தான் பாக்கறேன், சமையக்கட்டுல கலாமணி கிரைண்டர். “நம்ம கிரைண்டர் எங்கடி?”ன்னேன்.

“பரண்ல இருக்குதுங்க.”

“உன்ற பேரும் என்ற பேரும் போட்ட கிரைண்டரப் பரண்ல ஏத்திட்டியா?”

“நம்ம பேரு ரொம்பச் சத்தம் போடுதுங்க. பக்கத்து ஊட்டுக் கொழந்தை முழிச்சுக்குது”ன்னா. நாப்பது வருசத்துல அவ எங்கிட்டப் பேசின பெரிய பேச்சு இதுதான். திரும்பி வந்து தட்டு முன்னாடி உக்காந்தேன். இட்லி மேல நமக்கென்ன கோவம், அதனால சாப்பிட்டேன்.

என்ற கடைக்காரங்க நாப்பத்தோரு பேருல இப்ப ஒம்பது பேரு. அதுலயும் நாலு பேரு கடையில கலாமணி புஷ்ஷுதான் தொங்குது. அசெம்பிளிய மூடியாச்சு, பிரஸ் மட்டும் ஓடிட்டு இருந்துச்சு, யாராச்சும் டிரம் கேட்டாப் போட்டுக் குடுப்பேன். அப்ப ஒரு நாள் வந்தா. ரெண்டு வருசம் கழிச்சு. ஸ்கூட்டரக் கேட்டுக்கு வெளியவே நிறுத்திட்டு நடந்து வந்தா. “ஐயா, எனக்கு டிரம் போட்டுத் தருவீங்களா? உங்க பிரஸ்ஸுல வர்ற வட்டம் இந்த ஏரியாவுல யாருக்கும் வரலீங்க. ஆறுச்சாமிகிட்டப் போட்டுப் பாத்தேன், சரியில்ல.”

இத அடிக்கோடு போட்டு எழுதுங்க. அவளே சொன்னது. எனக்கு அவகிட்டச் சரக்குப் போட்டுத்தான் ஆகணும்னு ஒண்ணுமில்ல. தேடி வந்துட்டா, முடியாதுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? மாசம் அறுநூறு டிரம் போட்டுத் தர்றேன். உதவிதான்.

உதவி செய்யறவனுக்கு என்ன கைம்மாறு தெரியுங்களா? மூணு மாசத்துக்கு முன்னாடி அறுபது டிரம்மத் திருப்பி அனுப்பிட்டா. ஒவ்வொண்ணுக்கும் போன்ல போட்டோ, அளவுகோல் வெச்சு. அரை மில்லிமீட்டர் வட்டம் தப்பிருச்சாம். அரை மில்லிங்க, ஒரு நெகம் கூட இல்ல. எனக்கு வந்த கோவத்துக்கு, ஆளுகளச் சாப்பிட அனுப்பிச்சுட்டுக் கதவச் சாத்திட்டு நானே உக்காந்து அளந்தேன். முக்கா மில்லி இருந்துச்சு. அவளுக்கு அளக்கவே தெரியல பாருங்க.

டிரம்முக்கு வட்டம் குடுக்கற அச்சு, அந்த டையக் கழட்டி நானே தீட்டினேன். பிரஸ்ஸுக்கு முன்னாடி நானு நின்னு பதினஞ்சு வருசம் ஆச்சு. அறுபதையும் புதுசா அடிச்சேன். அவளுக்கு ஒரு பாடம் கத்துக் குடுக்கணுமில்லீங்க. இப்ப ரெண்டு மாசமா ஒண்ணு கூடத் திரும்பி வரல. அனுப்பறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் நானே சுத்தி விட்டு, மேல கைய வெச்சுப் பாத்துத்தான் அனுப்பறேன். சரியில்லாதத நானே தனியா வெச்சுர்றேன், அவளுக்கு அந்தச் சந்தோசத்தக் குடுக்கக் கூடாது. நித்தின் போன்ல ஒரு கட்டை வெரல் படம் அனுப்பினான். பெத்த அப்பனுக்குக் கட்டை வெரலக் காட்டறான், அவ்வளவு மரியாதை.

அப்பறந்தான் எடம் பத்தலைன்னு வந்தா. கீரணத்தத்துல மழை வந்தா ஷெட்டுல தண்ணி நிக்குதாம். இந்தக் கம்பெனிய வாடகைக்குக் கேட்டா. அவ சொன்ன வாடகை எச்சாவே இருந்துச்சு, பேரம் பேசத் தெரியாதவ. பேப்பரெல்லாம் நித்தின் எழுதினான். கையெழுத்துப் போடறப்ப நானு இந்த ரூமக் காலி பண்ணணும்னு மேசை டிராயரத் தொறந்து ஒண்ணொண்ணா எடுத்துட்டு இருந்தேன். “இந்த ரூம் ஐயாவுக்கே இருக்கட்டுங்க. டிரம் பத்தி ஏதாச்சும் கேக்கணும்னா நான் எங்க போயித் தேடறது?”ன்னா. என்ற ரூம எனக்கே குடுக்கறா. வள்ளலு. எடுத்ததையெல்லாம் திரும்பி உள்ள வெச்சேன். அதுக்குள்ள ஒரு மணி நேரம் ஆகிப் போச்சு, கண்ணாடிய எங்கயோ வெச்சுட்டு ஒண்ணும் தெரியல எனக்கு.

ஆகக் கூடி உங்க கேள்விக்குப் பதில் என்னன்னா அம்மிணி, டிஜிட்டலு வந்து உற்பத்திய அழிச்சிருச்சு. நாப்பத்தோரு கடைக்காரங்க போனாங்க, இருபது பேரு வேலை போச்சு. சரி, அதுல ஏழு பேரு அவகிட்ட இருக்கறாங்க, இன்னும் அஞ்சு பேர இந்த மாசம் எடுத்துக்கறாளாம். இருந்தாலும் எழுதுங்க, அழிச்சிருச்சு. ‘முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்’ல டிக் போடுங்க.

இருங்க, வண்டி வந்துருச்சு. அந்தா எறங்கறா பாருங்க, பச்சைச் சேலை. ஆளுகளுக்கு எப்படி எறக்கணும்னு சொல்லிட்டுத்தான் வருவா, சொல்லாம வர மாட்டா. பெட்டிய வெயில்ல வெக்காதீங்கன்னு சொல்றா, இங்க வரைக்கும் கேக்குது. வர்றா.

வாம்மா கலாமணி. இவங்க யுனிவர்சிட்டியில இருந்து வந்திருக்கறாங்க. உன்னையப் பாக்கத்தான். நாந்தான் பேச்சுக் குடுத்துட்டு இருந்தேன், நீ வர்ற வரைக்கும் சும்மா உக்கார வெக்கக் கூடாதில்ல.

என்னது? நானு உக்காரணுமா?

பாத்தீங்களாம்மிணி, என்ற ரூமுலயே என்னைய உக்காரச் சொல்றா. நீங்க ஏன் என்னைய அப்படிப் பாக்கறீங்க? அவ வந்தான்னு எந்திரிக்கல நானு. ரொம்ப நேரம் உக்காந்திருந்ததுல கால் மரத்துப் போச்சு. அத எழுத வேண்டாம்.